மூன்றாம் மாடிக்கு வந்த முடி விளம்பரம்

தையலக்காவின் தொழில் தையல் என்றுதான் அந்தக் குடியிருப்பு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. நம்பட்டும் என்றுதான் அவளும் விட்டிருந்தாள். மூன்றாம் மாடியில் படியேறியதும் வலப்பக்கம் அவள் வீடு. கதவு திறந்தால் முதலில் கண்ணில் படுவது தையல் இயந்திரம், அதன் பக்கத்தில் நூற்கண்டு டப்பா, ஆணியில் தொங்கும் அளவு நாடா. அதற்கு மேல் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் உள்ளறை அலமாரி பூட்டியிருக்கும்.

அலமாரிக்குள் மரத்தலைகள் இருந்தன. ஒவ்வொரு தலையிலும் ஊசிகுத்தி நிறுத்திய மெல்லிய வலைத்தொப்பி. அந்த வலையின் கண்களில் கொக்கி ஊசியை விட்டு, நிஜ முடியை இழை இழையாக இழுத்து முடிச்சுப் போட்டு, ஒரு தலையை முடிக்க அவளுக்கு ஒரு பருவமே போய்விடும். 'டோப்பா' என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "டோப்பா நாடகத்துல போடுறது. நான் பண்ணுறது தலை" என்பாள்.

அவளிடம் வருகிறவர்கள் எல்லாரும் பெண்கள். நோயில் முடி போனவர்கள், மருந்தில் போனவர்கள், காரணமே தெரியாமல் போனவர்கள். முடி போன வருத்தம் பாதி என்றால், போனது அடுத்தவருக்குத் தெரிந்துவிடுமோ என்பது மீதிப் பாதி. அதனால் தையலக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள். வருகிறவர் கையில் ஒரு துணிப்பை இருக்க வேண்டும். பைக்குள் திருத்துவதற்கு ஏதாவது ஓர் உடுப்பு இருக்க வேண்டும். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே. அந்த உடுப்பை அவள் உண்மையாகவே பிரித்து, மடித்து, தைத்தும் கொடுத்துவிடுவாள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி ஒரே பாவாடையைத்தான் திரும்பத் திரும்பக் கொண்டுவருவாள். குறைத்துக் குறைத்து அது கைக்குட்டை ஆகிற கட்டத்துக்கு வந்திருந்தது.

அவளிடம் வருகிறவர்களிலேயே மிகக் குறைந்த தூரம் நடந்து வருகிறவள் எதிர்வீட்டு மருமகள். அந்த வீட்டின் தலைவி, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரம்மா. போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர், போட்டியிட்டால் யார் அவரிடம் பேச்சு வாங்குவது. அந்த அம்மாவுக்கு மருமகளின் முடியைப் பற்றிப் பெருமை தாங்காது. "எங்க மருமக பின்னலை அவுத்து விட்டான்னா உட்காருற நாற்காலியே மறைஞ்சிடும்" என்று படிக்கட்டில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார்.

மருமகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குத் தலையில் அங்கங்கே வட்டம் வட்டமாக முடி கொட்ட ஆரம்பித்தது. மருந்துக் கடையிலேயே இருந்தும் மருந்து அகப்படவில்லை. மொத்தமும் போவதற்குள் வெட்டி எடுத்து வந்துவிடு என்று தையலக்காதான் சொன்னாள். அந்த முடியையே வலையில் கோத்து அவளுக்குத் தலை செய்து கொடுத்தாள். ஆக, மாமியார் மெச்சுகிற முடி அவள் முடிதான். வேர் மட்டும் வலையில் இருந்தது.

அவள் புருஷன் கப்பலில் சமையல்காரன். அடுத்த மாதம் விடுப்பில் வருகிறான். அவனுக்கும் இன்னும் தெரியாது.

"அவர் வந்ததும் நானே சொல்லணும் அக்கா. போன்ல வேணாம், நேர்ல. என் தலை, என் வாயாலதான் சொல்லணும். அத்தை சொல்லி அவருக்குத் தெரிஞ்சா, அது வேற மாதிரி ஆயிடும்."

"யார் சொல்லப் போறா? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த மரத்தலைக்குத் தெரியும். அது பேசாது" என்று தையலக்கா வாக்குக் கொடுத்திருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் புது வாசல்மணி வந்தது.

டை கட்டிய பிள்ளை ஒருவன் கொண்டுவந்தான். மணி அடிக்கும், வந்திருப்பவரைப் படம் பிடிக்கும், அந்தப் படத்தை வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பும், அடிக்கடி வருகிற முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். எல்லாம் இலவசம். தையலக்காவின் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். இலவசம் என்று எழுதியிருந்தால் எதிரே வருகிற லாரியைக்கூட நிறுத்திக் கேட்கிற ஜாதி.

"நம்ம மணி நல்லாத்தானே அடிக்குது?" என்றாள் தையலக்கா.

"அது அடிக்க மட்டும்தான் செய்யும். இது பார்க்கும்."

"நம்ம வாசலைப் பார்த்து அவனுக்கு என்ன ஆகணும்? சும்மா குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறான்?"

"அதுக்கு அவன்ல கவலைப்படணும். வாங்குறவன் எதுக்குக் கவலைப்படுறது?"

அந்தப் பார்க்கிற சங்கதிதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் நினைத்திருந்தாள். அதற்குள் செயலாளரம்மா வாசலில் வந்து நின்றார்.

"எல்லா வீட்டுலயும் மாட்டினாத்தான் இலவசமாம். ஒரு வீடு வேணாம்னாலும் மொத்தக் கட்டடத்துக்கும் கிடையாதாம். எல்லாரும் சரின்னுட்டாங்க. நீ என்னம்மா இழுக்கற? மடியில கனம் இல்லாதவளுக்கு வழியில என்ன பயம்?"

தையலக்கா யோசித்துப் பார்த்தாள். மாட்டினால் கேமரா பார்க்கும். மாட்டாவிட்டால் கட்டடமே பார்க்கும், அதுவும் மடியை. ரகசியம் வைத்திருக்கிறவர்கள் செய்கிற தப்பை அவளும் செய்தாள். ரகசியமே இல்லாதவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "மாட்டுங்க, எனக்கென்ன" என்றாள். போனில் 'சம்மதம்' என்று வந்த இடத்தில் புருஷன் விரலை வைத்தார். சம்மதம் எதற்கு என்பது அதற்கு மேலே பொடி எழுத்தில் நீளமாக இருந்தது. அதைப் படித்தவன் உலகத்தில் இருந்தால் அவனைக் கொண்டுவந்து காட்டலாம்.

மணி சமர்த்தாகத்தான் இருந்தது. புது முகம் வந்தால் 'இவர் யார்?' என்று போனில் கேட்கும். பெயர் போட்டால் பாராட்டும். செயலாளரம்மாவுக்கு இது கரும்பு தின்னக் கூலி கிடைத்த கதை. இதுவரை கதவிடுக்கில் கண் வைத்துச் செய்து வந்த வேலையை இப்போது சாய்வு நாற்காலியில் இருந்தே செய்தார். தன் வாசலில் தெரிகிற முகத்தோடு நிற்காமல், எதிர்வாசலில் தெரிகிற முகத்துக்கும் பெயர் வைத்தார். பெயர் தெரியாதவர்களுக்கு 'பச்சைப் பை', 'நீளக் கழுத்து' என்று போட்டுவைத்தார்.

முதல் அடி டீச்சரால் விழுந்தது என்று பிறகு எல்லாவற்றையும் கோத்துப் பார்த்ததில் தெரிந்தது. அவள் செய்ததும் ஒன்றும் பெரிய தப்பில்லை. செய்து வாங்கிய தலையை எந்தச் சோப்பில் அலசலாம் என்று ஒரு நாள் போனில் தேடியிருக்கிறாள். இன்னொருத்தி தலையை நெற்றியோடு பிடித்து நிறுத்துகிற பட்டைக்கு ஒட்டும் நாடா தேடியிருக்கிறாள். இரண்டு போனும் அடிக்கடி ஒரே வாசலில் வந்து நிற்பது மணிக்குத் தெரியும். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று நாம் கேலியாகச் சொல்வோம். அந்தக் கம்பெனி அதையே தொழிலாக வைத்திருந்தது. இந்த வாசலுக்கு வருகிறவர்களுக்கு முடி வேண்டும் என்று முடிவு கட்டி, விலை பேசி, அந்த முடிவை ஒரு டோப்பாக் கம்பெனிக்கு விற்றும்விட்டது.

அதன்பின் மூன்றாம் மாடியில் மழையாகப் பொழிந்தது.

"இங்க பாரு" என்று புருஷன் வேலையிலிருந்து வந்ததும் போனை நீட்டினார். "இழந்த கூந்தலை மீட்டெடுங்கள்னு ஒரு பொண்ணு என்னைப் பார்த்துச் சொல்லுது. கல்யாணப் போட்டோவுலயே எனக்கு முன்பக்கம் காலி. இவனுக்கு இன்னிக்குத்தான் சேதி போயிருக்கு."

தண்ணீர் கேன் போடுகிறவருக்கும் வந்தது. காக்காய் கூடு கட்டலாம் போல அடர்ந்த சுருட்டை முடி அவருக்கு. "என்னக்கா, எனக்கே டோப்பா விக்கிறானுங்க" என்று படிக்கட்டு அதிரச் சிரித்தார். சிரித்தவர்களோடு தையலக்காவும் சிரித்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் அலமாரிப் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் டீச்சர் போன் செய்தாள். "எங்க வீட்டு டிவியிலயே வருது அக்கா. குடும்பத்தோட உட்கார்ந்து பார்க்கும்போது வருது. என் நாத்தனார் என்னையே பார்க்குறா. கொஞ்ச நாளைக்கு நான் வரலை."

"தலையைக் கழுவணுமே டீச்சர். பட்டை தளர்ந்திருக்குமே."

"நான் பார்த்துக்கறேன். நீங்க போன் பண்ணாதீங்க."

ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். ஒருத்தியின் தலை பாதி கோத்த நிலையில் அலமாரியில் கிடந்தது. அவள் போனையே எடுக்கவில்லை.

செயலாளரம்மாவோ துப்பறியத் தொடங்கியிருந்தார். யார் யாருக்கு விளம்பரம் வந்தது என்று மாடி மாடியாக விசாரித்தார். மேல்மாடிக்காரிக்கு மட்டும் வரவில்லை. அவளுக்கும் தையலக்காவுக்கும் கொடியில் துணி காயப்போட்ட தகராறில் பேச்சே கிடையாது. அவள் இந்த வாசலை மிதித்தே வெகுநாள். செயலாளரம்மா மூளையில் மணி அடித்தது. அதற்கு இலவச இணைப்பு எதுவும் தேவைப்படவில்லை.

போனோடு வந்து தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன் வாசலுக்கு வந்தவங்களுக்குத்தான் வருதும்மா. கணக்கா இருக்கு. உன்கிட்ட வர யாரோ ஒருத்திக்குத் தலையில ஒண்ணும் இல்ல. யாரு அது? அந்த நீளக் கழுத்தா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் இடுப்பளவு எடுக்கறவ. கழுத்துக்கு மேல பார்க்கறதில்ல."

"அது சரி. ஆனா இதைப் பாரேன்." போனைத் திருப்பிக் காட்டினார். எதிர்வாசலில் அடிக்கடி வந்து நிற்கிற முகங்கள் என்று மணி வரிசைப்படுத்தியிருந்தது. எல்லாவற்றுக்கும் முதலில் அவருடைய மருமகளின் முகம். "இவ இத்தனை தரம் வர்றா? அப்படி என்னத்த தைக்கிற? பெருத்திருக்காளா, இளைச்சிருக்காளா? ஒருவேளை உண்டாகியிருக்காளோன்னு பார்த்தா, பையன் கப்பல்ல இருக்கான்."

"மருந்துக் கடை யூனிஃபார்ம் அம்மா. துணி மட்டம். ஒவ்வொரு துவைப்புக்கும் ஒரு அளவுக்குப் போகுது."

செயலாளரம்மா எழுந்து போனார். போகும்போது கதவருகே ஒரு நொடி நின்று, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனார். பேசுகிறவர் பேசாமல் போனதுதான் தையலக்காவுக்குப் பயமாக இருந்தது.

பெட்டி வந்தது ஒரு காலை நேரத்தில். கம்பெனி யாரும் கேட்காமலே மாதிரிப் பொருள் அனுப்பியிருந்தது. அதுவும் இலவசம். தையலக்காவின் போன் கிணுகிணுத்தது, திரையில் எதிர்வாசல் தெரிந்தது. பார்சல்காரர் நிற்கிறார், கையில் பெட்டி. பெட்டியின் மேல் கூந்தலை விசிறிப் போட்ட பெண்ணின் படம், ஆள் உயரத்துக்கு இல்லாத குறை. பக்கத்தில் 'இனி நீங்கள் மறைக்க வேண்டியதில்லை' என்று கொட்டை எழுத்து.

"யாருக்குப்பா?" செயலாளரம்மா குரல் நேரிலும் போனிலுமாக இரண்டு தடவை கேட்டது.

"வீட்டுப் பெண்மணிக்குன்னு போட்டிருக்கும்மா."

"இந்த வீட்டுல பெண்மணின்னா நானும் என் மருமகளும்தான். எனக்கு நரைச்சிருக்கு, கொட்டலை." சொல்லிக்கொண்டே அவர் மெதுவாகத் திரும்பினார். பின்னால் மருமகள் வேலைக்குப் போகப் புறப்பட்டு நின்றாள். அவள் கை தன்னையறியாமல் நெற்றி விளிம்புக்குப் போனது. செயலாளரம்மாவின் கண்ணும் கூடவே போனது.

தையலக்கா கதவைத் திறந்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

"அது என்னோடது."

"உன்னோடதா? எங்க வீட்டு நம்பர் போட்டிருக்கு."

"நான்தான் உங்க நம்பரைக் குடுத்தேன். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாதுன்னு."

"தெரியக் கூடாதுன்னா... உனக்கா?"

"எனக்குத்தான்."

செயலாளரம்மா அவள் கொண்டையை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல கெட்டிக் கொண்டை. "பார்த்தா தெரியலையேம்மா."

"பார்த்தாத் தெரிஞ்சா அதை எதுக்கு வைக்கிறது?"

அவர் முகம் மலர்ந்தது. பிறகு, மலர்ந்தது தப்பு என்று தோன்றியிருக்க வேண்டும், இரக்கமாக மாறியது. "அதான் உன் வாசலுக்கு வர்றவங்களுக்கெல்லாம்... அடிப்பாவி, முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா. நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

சாயங்காலத்துக்குள் கீழே காவலாளி வரைக்கும் தெரிந்துவிட்டது.

அன்று முதல் தையலக்கா படியிறங்கினால் எல்லார் பார்வையும் கழுத்துக்கு மேலேதான். காற்றடித்தால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கீழ்வீட்டுக் குழந்தை அம்மா இடுப்பில் இருந்தபடியே எட்டி அவள் கொண்டையை இழுத்துப் பார்த்தது. வலித்தது. வலித்ததைக் காட்டிக்கொள்ளாமல் வந்தாள்.

புருஷன் படிக்கட்டில் சேதி கேட்டுவிட்டுக் கதவைத் திறந்த வேகத்திலேயே ஆரம்பித்தார். "உனக்கு முடியே இல்லையாமே. அப்போ குளியலறை ஓட்டையில நான் வாராவாரம் இழுத்துப் போடறது என்ன, லிஃப்ட் கேபிளா?"

அவருக்கு அவள் தொழில் தெரியும். யார் யார் வருகிறார்கள் என்பது மட்டும் தெரியாது. அவர் கேட்டதும் இல்லை.

"சும்மா இருங்க. கொஞ்ச நாளைக்கு நான் மொட்டை."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கேலியை அங்கேயே விட்டார். "சரி. இப்பத்தான் ஜோடிப் பொருத்தம் சரியா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "அந்த மணியைக் கழட்டிடட்டுமா?" என்றார்.

"இப்பக் கழட்டினா அதுக்கும் காரணம் கேப்பாங்க."

பெட்டியை அவள் பிரித்துப் பார்த்தாள். நைலான். பொம்மைக் கடைப் பளபளப்பு. வகிடு எடுத்த இடத்தில் தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. டீச்சர் இப்போது இந்தக் கம்பெனியில்தான் வாங்கியிருக்கிறாள் என்று காதில் விழுந்திருந்தது. இதை மாட்டிக்கொண்டு அவள் எப்படிக் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்பாள், பின்வரிசைப் பிள்ளைகள் என்ன சொல்லும் என்று நினைத்துக்கொண்டே தையலக்கா அதைப் பெட்டிக்குள் திணித்தாள்.

இருந்தாலும் வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு நிம்மதி. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவள் ஒரு பொய்யை வைத்து மூடிக் காட்டியிருந்தாள்.

நாலைந்து நாள் கழித்து, மாமியார் மதியத் தூக்கத்தில் இருந்த நேரம் பார்த்து மருமகள் வந்தாள். பட்டை தளர்ந்து, காதோரம் வலை விளிம்பு லேசாகத் தெரிந்தது. உள்ளறை நாற்காலியில் உட்கார்ந்ததும் தையலக்கா எதுவும் கேட்காமல் தலையைக் கழற்றி மரத்தலையில் வைத்தாள். வெந்நீர் வைக்கப் போனவளை மருமகள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவருக்குப் போயிடுச்சு அக்கா."

"எது?"

"விளம்பரம். கப்பல்ல இருக்கார், அங்க போயிருக்கு. அவர் போனும் என் போனும் ஒரே குடும்பக் கணக்குல இருக்கு." அவள் தன் போனை நீட்டினாள். அவன் படம் பிடித்து அனுப்பியிருந்தான். சோகமாக ஜன்னலைப் பார்க்கிற ஒரு பெண், கீழே ஒரு கேள்வி: 'உங்கள் மனைவி முடி இழப்பைத் தனியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறாரா?' அதன் கீழ் 'ஆம்', 'இல்லை'.

"இவர் இல்லைன்னு அமுக்கிட்டாராம். அமுக்கிட்டு எனக்குப் போன் பண்ணினார். 'எம் பொண்டாட்டி முடியை விரிச்சா இந்தக் கப்பலுக்குப் பாய் கட்டலாம்டா, உனக்கென்ன தெரியும்னு திட்டினேன்'னு சொல்லிச் சிரிச்சார். கூட வேலை பார்க்கறவங்ககிட்டல்லாம் காட்டிச் சிரிச்சாராம்."

"நீ என்ன சொன்ன?"

"நானும் சிரிச்சிட்டேன்."

தையலக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"இத்தனை நாள் சொல்லாமத்தான் இருந்தேன் அக்கா. நேர்ல சொல்லலாம்னு வெச்சிருந்தேன். அதுல பொய் இல்ல. அன்னிக்குச் சிரிச்சேனே, அது பொய். நாளைக்கு அவர் வந்து, நான் சொன்னா, அன்னிக்கு ஏன்டி சிரிச்சேன்னு கேப்பார். அவர் இல்லைன்னு அமுக்கினப்போ நான் ஏன் வாயைத் திறக்கலைன்னு கேப்பார். நான் என்ன சொல்லுவேன்?"

தையலக்கா போனில் இருந்த அந்தக் கேள்வியைத் திரும்பப் படித்தாள். செயலாளரம்மாவிடம் பொய் சொல்லலாம், கீழ்வீட்டுக்காரியைச் சமாளிக்கலாம். மனிதர்களுக்கு வாய் இருக்கிறது, அதை எதையாவது போட்டு அடைக்கலாம். வெட்கமும் இருக்கிறது, கொஞ்சம் முறைத்தால் விலகுவார்கள். நடுக்கடலில் ஒருத்தனிடம் போய் அவன் பெண்டாட்டியைப் பற்றிக் கேட்டுவிட்டு, அவன் சொன்ன பதிலையும் குறித்துக்கொண்டு போகிற ஒன்றை எங்கே போய்ப் பிடிப்பது, எதைக் காட்டி முறைப்பது?

"நான் குடுத்த வாக்கு" என்று ஆரம்பித்தாள்.

"நீங்க காப்பாத்தினீங்க அக்கா. உங்களை எல்லாரும் எப்படிப் பார்க்குறாங்கன்னு எனக்குத் தெரியாதா?" மருமகள் மரத்தலையில் இருந்த தன் முடியைப் பார்த்தாள். தொடவில்லை. "இப்ப அங்க என்ன நேரமோ தெரியல. சமையல் கட்டுல இருப்பார்."

"நேர்லதான் சொல்லணும்னு சொன்னியே."

"நேர்ல வர வரைக்கும் அந்தக் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? நாளைக்கு இன்னொரு கேள்வி அனுப்புவான். அதுக்கும் இவர் எனக்காகப் பதில் சொல்லுவார்."

அவள் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். தையலக்கா எழுந்து மரத்தலையை நோக்கிக் கை நீட்டினாள். மருமகள் வேண்டாம் என்று தலையசைத்தாள். ஜன்னல் வெளிச்சம் முழுக்க அவள் வெறுந்தலையில் விழுந்தது. அழைப்பு போய்க்கொண்டே இருந்தது. அழைப்பைத் துண்டித்துவிடுவாள் என்று தையலக்கா நினைத்த நேரத்தில், அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது. வியர்த்த முகம் ஒன்று திரையில் ஆடியது.

"என்ன இந்த நேரத்துல? அடுப்புல வெச்சிருக்கேன்" என்றான். பிறகு போனைக் கிட்டே கொண்டுவந்தான், தள்ளிப் பிடித்தான், கண்ணைச் சுருக்கினான். "இந்த லைன் எழவு சரியில்ல. மத்ததெல்லாம் தெரியுது, உன் முடி மட்டும் வர மாட்டேங்குது. வெச்சிட்டு மறுபடி போடு."

"வெக்காதீங்க" என்றாள் அவள். "லைன் நல்லாத்தான் இருக்கு."